ஸ்காட்லாந்து முன்னோரை நிலப் பத்திரத்தில் கண்டுபிடித்தேன்

என் கணவரின் முன்னோர் ஸ்காட்லாந்து மலைநாட்டிலிருந்து அமெரிக்காவின் வட கரோலினாவில் கேப் ஃபியர் ஆற்றுப் பக்கம் குடியேறியவர்கள். அங்கே 1739-லேயே ஆர்கைல் பகுதியிலிருந்து ஒரு பெரிய கூட்டம் வந்து இறங்கியது, அதனால் ஜான், டங்கன், ஆர்ச்சிபால்ட் என்று ஒரே பெயரும் ஒரே குடும்பப் பெயருமாகத் திரும்பின பக்கமெல்லாம் ஆட்கள், நம்மவர் எவர் என்று பிரிக்கவே முடியவில்லை. 1790 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீட்டுத் தலைவர் பெயர் மட்டும்தான், மற்றவர்கள் வெறும் எண்ணிக்கை. வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயரும் பதிவானது 1850-இல்தான், அதுவும் அடிமைகளாக இல்லாமல் சுதந்திரமாக வாழ்ந்தவர்களுக்கு மட்டும்.

வழி கிடைத்தது நில ஆவணங்களில். நிலத்தை அளக்கும்போது அளவுச் சங்கிலி பிடித்தவர்களின் பெயரை அளவை வரைபடத்தின் அடியில் எழுதிவைப்பார்கள், பெரும்பாலும் மகனோ தம்பியோ பக்கத்து நிலத்துக்காரரோதான். ‘ஓடைக்கரை பைன் மரத்திலிருந்து’ என்று தொடங்கும் எல்லை விவரத்தையும் அந்தப் பெயர்களையும் சேர்த்து வைத்துப் பார்த்ததும் ஒரே பெயர்க்காரர்கள் தனித்தனி ஆளாகப் பிரிந்து நின்றார்கள். அப்புறம் சொத்துப் பிரிவினைத் தாள்கள், அதில் மருமகன்கள் பெயர்கூட வந்துவிடும், அந்தப் பக்கத்தைப் பார்த்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஒன்று முக்கியம்: அந்தப் பகுதியிலுள்ள கம்பர்லேண்ட் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) 1754-இல்தான் பிளேடன் கவுண்டியிலிருந்து பிரிந்தது, அதற்கு முந்தைய பத்திரத்தை பிளேடன் பெயரில் தேடுங்கள். மூத்த மகனுக்கு அப்பாவழித் தாத்தா பெயர் வைக்கும் ஸ்காட்லாந்து வழக்கத்தை ஒரு துப்பாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், சான்றாக அல்ல.