4 சதவீத இடஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு விண்ணப்பிப்பது எப்படி?

அரசுப் பணிகளில் குறைந்தது 4 சதவீத இடங்களை மாற்றுத்திறனாளிகளுக்கு ஒதுக்கச் சொல்கிறது 2016ஆம் ஆண்டின் உரிமைகள் சட்டம். தகுதி இருந்தும் ஒரு தாள் குறைந்ததால் அந்த இடத்தை இழப்பவர்களைப் பார்க்கும்போது மனம் பொறுப்பதில்லை. மத்திய அரசுப் பணிகளை மனத்தில் வைத்து இதை எழுதுகிறேன்.

முதல் படி, மாற்றுத்திறனாளி சான்றிதழ். குறைபாடு 40 சதவீதமோ அதற்கு மேலோ இருக்க வேண்டும். மாற்றுத்திறனாளிகளுக்கான தேசிய அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். வேலை அறிவிக்கை வரும்வரை காத்திருக்காதீர்கள். மருத்துவப் பரிசோதனைக்கு நாள் பிடிக்கும். பெயரின் எழுத்துகள் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகின்றனவா என்றும் பாருங்கள்.

இரண்டாவது, அறிவிக்கையை நிதானமாகப் படிப்பது. எல்லாப் பணியும் எல்லாருக்கும் திறந்திருக்காது. பணிக்கு நேரே குறியீடுகள் இருக்கும்: எல்.வி. என்றால் குறைபார்வை, ஹெச்.ஹெச். என்றால் செவித்திறன் குறைவு, ஓ.எல். என்றால் ஒரு கால் பாதிப்பு. உங்கள் குறியீடு இருக்கும் பணிக்கே விண்ணப்பியுங்கள். பொதுவாக 10 ஆண்டு வயதுத் தளர்வு உண்டு, யு.பி.எஸ்.சி., எஸ்.எஸ்.சி. என்னும் மத்திய தேர்வாணையங்களின் தேர்வுகளுக்குக் கட்டணம் இல்லை.

மூன்றாவது படியில்தான் பலர் தவறவிடுகிறார்கள்: தேர்வில் நீங்கள் சொல்லும் விடைகளை உங்களுக்காக எழுதுபவர் தேவையென்றால், அவரை விண்ணப்பத்திலேயே கேட்க வேண்டும். தேர்வு மையத்துக்குப் போய்க் கேட்டால் பெரும்பாலும் காலம் கடந்திருக்கும். மத்திய அரசின் 2018ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி பார்வையற்றவர், இரு கைகளும் பாதிக்கப்பட்டவர், மூளை முடக்குவாதம் உள்ளவர் ஆகியோர் விரும்பினாலே எழுதுபவரைப் பெற முடிந்தது. மற்றவர்களுக்கு, எழுத இயலாது என்று அரசு மருத்துவமனைத் தலைமை மருத்துவர் தரும் சான்று தேவைப்பட்டது. இப்போதைய விதியை உங்கள் தேர்வின் அறிவிக்கையில் பாருங்கள். மணிக்கு 20 நிமிடம் கூடுதல் நேரமும் உண்டு. 40 சதவீதத்துக்குக் கீழே இருந்தாலும், எழுதுவதில் உண்மையான சிரமம் இருந்தால் எழுதுபவரை மறுக்கக் கூடாது என்று 2021 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இதை அறியாமல் தேர்வையே கைவிட்டவர்கள் இருக்கிறார்கள்.

தேர்வுக்கு முன் ஒருவரை அருகில் உட்காரவைத்து, விடைகளைச் சொல்லி எழுதவைத்துப் பழகுங்கள். கணக்கும் வரைபடமும் வாயால் சொல்லக் கடினமானவை. அவற்றுக்கு அதிக நாள் ஒதுக்குங்கள்.

பணியில் சேர்ந்த பின் சாய்தளமோ திரைவாசிப்பு மென்பொருளோ தேவைப்பட்டால் எழுத்தில் கேளுங்கள். பதில் வராவிட்டால், ஒவ்வோர் அரசு நிறுவனத்திலும் சட்டத்தின் 23ஆம் பிரிவின்படி நியமிக்கப்பட வேண்டிய குறைதீர் அலுவலரிடம் புகார் கொடுங்கள். அவர் இரண்டு வாரத்துக்குள் விசாரிக்க வேண்டும். புகாரின் நகலில் தேதியிட்ட ஒப்புதல் முத்திரை வாங்காமல் வெளியே வராதீர்கள்.