ஷேடர் கருவித்தொகுப்பைப் பழுதின்றிப் புதுப்பிப்பது எப்படி?

ஷேடர் என்பது திரையில் வடிவங்களின் இடத்தையும் புள்ளிகளின் நிறத்தையும் கணக்கிடும் சிறு நிரல். அதை வன்பொருளுக்கு ஏற்ற வடிவுக்கு மாற்றும் (கம்பைல் செய்யும்) கம்பைலரின் புதிய பதிப்பை நிறுவியதும் எல்லாக் கோப்புகளும் பிழைச்செய்தி இல்லாமல் கம்பைல் ஆகிவிட்டால், வேலை முடிந்தது என்று பலரும் எண்ணிவிடுகிறார்கள். கம்பைல் ஆக மறுக்கும் ஷேடரைச் சிறிது நேரத்தில் திருத்திவிடலாம். சத்தமில்லாமல் கம்பைல் ஆகி, திரையில் மட்டும் வேறு விதமாகத் தெரியும் ஷேடர்தான் நாட்களைத் தின்னும். ஆகவே கீழே சொல்லப்படும் முறை முழுவதும், பழைய விளைவையும் புதிய விளைவையும் அருகருகே வைத்து ஒப்பிடுவதையே அடிப்படையாகக் கொண்டது.

முதலில், பழைய பதிப்பை நீக்காமல் புதியதைத் தனிக் கோப்புறையில் நிறுவ வேண்டும். வல்கன் என்னும் வரைகலை இடைமுகத்துக்கான எஸ்டிகே (மென்பொருள் உருவாக்கக் கருவிகள்) போன்ற தொகுப்பில், ஜிஎல்எஸ்எல் என்னும் ஷேடர் மொழிக்கான ஜிஎல்எஸ்லாங், எச்எல்எஸ்எல் என்னும் ஷேடர் மொழிக்கான டிஎக்ஸ்சி ஆகிய கம்பைலர்களோடு, அவை எழுதும் இடைநிலை வடிவமான ஸ்பிர்-வி கோப்புகளைச் சரிபார்க்கும், சீராக்கும், பிற மொழிகளுக்கு மாற்றும் கருவிகளும் சேர்ந்தே வருகின்றன. இவற்றில் ஒன்றை மட்டும் தனியே புதுப்பிப்பது வம்பை விலைக்கு வாங்குவதாகும். புதிய கம்பைலர் எழுதும் கட்டளையைப் பழைய சரிபார்ப்புக் கருவி அறியாமல் நிராகரிக்கக்கூடும். வேறொரு மென்பொருளோடு வந்த பழைய கம்பைலர் கணினியில் ஏற்கெனவே இருந்து, கட்டளை வரியில் அதுவே முந்திக்கொள்வதும் உண்டு. எனவே எல்லாவற்றையும் தானாகக் கம்பைல் செய்யும் பில்ட் ஸ்கிரிப்ட், தான் அழைக்கும் கம்பைலரின் முழுப் பாதையையும் பதிப்பு எண்ணையும் ஒவ்வொரு முறையும் அச்சிடும்படி செய்துவிடுவது நல்லது.

அடுத்து, பழைய கம்பைலரால் எல்லா ஷேடர்களையும் கம்பைல் செய்து, அந்த வெளியீடுகளையும் சில குறிப்பிட்ட காட்சிகளின் திரைப்பிடிப்புகளையும் பத்திரப்படுத்த வேண்டும். பிறகு அதே மூலத்தைப் புதிய கம்பைலரிடம் கொடுக்க வேண்டும். இரண்டு ஸ்பிர்-வி வெளியீடுகளையும் சாதாரண உரை ஒப்பீட்டில் வைத்தால், உள்ளேயுள்ள ஒவ்வொரு மதிப்புக்கும் கம்பைலர் இடும் அடையாள எண்கள் மாறியிருப்பதால் எல்லா வரிகளுமே மாறியதாகத் தோன்றும். ஸ்பிர்-வி கருவிகளோடு வரும் ஸ்பிர்வி-டிஃப் அந்த எண்களைப் பொருத்திப் பார்த்து, உண்மையான வேறுபாட்டை மட்டும் காட்டும்.

ஷேடர் எந்த வல்கன் பதிப்பில் ஓட வேண்டும் என்னும் இலக்குச் சூழலையும் இங்கேயே வெளிப்படையாகக் குறிப்பிட்டுவிட வேண்டும். வல்கன் 1.0 ஏற்பது ஸ்பிர்-வி 1.0, வல்கன் 1.1 ஏற்பது 1.3 வரை, 1.2 ஏற்பது 1.5 வரை, 1.3 ஏற்பது 1.6 வரை. இயல்புநிலையை நம்பி விட்டுவிட்டால், அது ஒரு பதிப்பில் மாறும்போது பழைய சாதனங்களில்தான் முதலில் தெரியவரும்.

மிகுந்த கவனம் தேவைப்படுவது மொழிப் பதிப்பின் மாற்றம். எச்எல்எஸ்எல் 2021-க்கு முன்பு, && (மேலும்) அல்லது || (அல்லது) குறியின் இரு பக்கங்களும் எப்போதும் கணக்கிடப்பட்டன. 2021-இல், இடப்பக்கத்திலேயே விடை தெரிந்துவிட்டால் வலப்பக்கம் ஓடாது; நிபந்தனைப்படி இரண்டில் ஒன்றைத் தேரும் ?: குறியிலும் தேவையில்லாத பக்கம் ஓடாது. வெக்டர்களுக்கு (பல எண்கள் சேர்ந்த மதிப்புகளுக்கு) இக்குறிகளைப் பயன்படுத்தினால் பிழைச்செய்தி வரும். ஆண்ட், ஆர், செலக்ட் என்னும் ஃபங்ஷன்களுக்கு மாறிவிட்டால் அது தீர்ந்துவிடும். தனி எண்களில் வரும் மாற்றத்துக்கோ எச்சரிக்கை எதுவும் இருக்காது.

எடுத்துக்காட்டாக, “ஒளி பூஜ்யத்தைவிடப் பெரியதா, மேலும் டெக்ஸ்ச்சரின் (பரப்பில் ஒட்டப்படும் படத்தின்) ஆல்பா, அதாவது ஒளிபுகாத் தன்மை, 0.5-ஐவிடப் பெரியதா” என்று ஒரே நிபந்தனையில் எழுதிய பிக்சல் ஷேடரை, அதாவது புள்ளிகளின் நிறத்தைக் கணக்கிடும் ஷேடரைப் பார்க்கலாம். பிக்சல் ஷேடர்கள் 2×2 பிக்சல் கொண்ட குழுக்களாக ஓடுகின்றன. டெக்ஸ்ச்சரின் சிறிதாக்கிய நகல்களில் (மிப்மேப்) எந்த நிலையை எடுப்பது என்பதை, அக்குழுவில் அண்டைப் பிக்சல்களின் டெக்ஸ்ச்சர் ஆயங்களுக்கு இடையிலான வேறுபாட்டைக் கொண்டே வன்பொருள் தீர்மானிக்கிறது. புதிய விதிப்படி, நிழலில் உள்ள பிக்சல் டெக்ஸ்ச்சரைப் படிக்கும் இடத்துக்கே வராது என்பதால், அந்த வேறுபாட்டுக்கு உறுதியான மதிப்பு கிடையாது. நிழலின் விளிம்பில் மட்டும் புள்ளிகளோ கோடுகளோ தோன்றலாம். டெக்ஸ்ச்சர் வாசிப்பை நிபந்தனைக்கு முன்பே ஒரு மாறியில் செய்துகொள்வதே இதற்குச் சரியான திருத்தம். கட்டளை வரியில் மொழிப் பதிப்பை 2018 என்று குறிப்பிட்டு ஒத்திப்போடவும் முடியும். கம்பைலர் மாற்றத்தையும் மொழி மாற்றத்தையும் தனித்தனியே சோதிக்க அது மிகவும் உதவும் என்பதால், முதல் சுற்றில் அப்படியே செய்வதைப் பரிந்துரைக்கிறேன்.

திரைப்பிடிப்புகளை ஒப்பிடும்போது ஒவ்வொரு பிட்டும் ஒத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது வீண். சிறிய வேறுபாட்டுக்கு இடம்விட வேண்டும். ஆனால் ஒரு விதிவிலக்கு உண்டு. ஆழத்தை மட்டும் முதல் சுற்றில் எழுதிவிட்டு, அதே ஆழமுள்ள பிக்சல்களுக்கு மட்டும் இரண்டாம் சுற்றில் நிறம் தீட்டும் முறையில், இரு சுற்றுகளின் வெர்டெக்ஸ் ஷேடர்களும் (முனைகளின் இடத்தைக் கணக்கிடுபவை) கடைசி பிட் வரை ஒரே இடத்தைத் தர வேண்டும். ஒரு ஷேடரில் கம்பைலர் பெருக்கலையும் கூட்டலையும் ஒரே கட்டளையாக இணைத்து, மற்றொன்றில் இணைக்காமல் விட்டால், பரப்பு முழுவதும் ஓட்டை ஓட்டையாக மினுங்கும். ஜிஎல்எஸ்எல்லில் இன்வேரியன்ட், எச்எல்எஸ்எல்லில் பிரிசைஸ் என்று, இடத்தைத் தரும் மாறியைக் குறித்துவிட வேண்டும். பழைய பதிப்பில் தற்செயலாகச் சரியாக இருந்தது என்பது ஒரு வாதமே அல்ல.

என்விடியாவின் சிஜி என்னும் ஷேடர் மொழித் தொகுப்பு 2012-இல் வந்த 3.1 பதிப்போடு நின்றுவிட்டதால், அதை இன்னும் நம்பியிருக்கும் திட்டங்களுக்கு இடமாற்றம் ஒன்றே வழி. அதன் இலக்கணம் எச்எல்எஸ்எல்லுக்கு மிக நெருக்கமானது. ஆதலால் அங்கோ, 2024 நவம்பர் முதல் குரோனோஸ் குழுமத்தின் பொறுப்பில் இருக்கும் ஸ்லாங் மொழிக்கோ செல்லலாம்.

இவ்வளவும் செய்தபின் பழைய விளைவே திரையில் தெரிந்தால், முன்பு கம்பைல் ஆனவற்றை மறுபடி பயன்படுத்தச் சேமித்து வைக்கும் கேஷைச் சந்தேகிக்க வேண்டும். வரைகலை வன்பொருளை இயக்கும் டிரைவர் மாறினால் வல்கனின் பைப்லைன் கேஷ் தன் தலைப்பிலுள்ள அடையாளத்தைக் கொண்டு அதைக் கண்டறிந்துகொள்ளும். நம் பில்ட் அமைப்பு வைத்திருக்கும் கேஷுக்கு அந்த அறிவு கிடையாது. மூலக் கோப்பின் ஹேஷை (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் அடையாள எண்ணை) மட்டும் தேடுசாவியாக வைத்திருந்தால், மூலம் மாறாததால் பழைய வெளியீட்டையே அது எடுத்துக் கொடுக்கும். கம்பைலரின் பதிப்பு எண், கட்டளை வரித் தெரிவுகள், உள்ளே சேர்க்கப்படும் கோப்புகளின் உள்ளடக்கம் ஆகியவற்றையும் சாவியில் சேர்த்த பிறகே புதிய பதிப்பைக் குழுவினர் அனைவருக்கும் வழங்க வேண்டும்.