ஊருக்குத் திரும்புகிறவர்கள் அவசரத்தில் செய்யும் தவறுகள்

சென்னையில் 16 வருடம் வேலை பார்த்துவிட்டு, கும்பகோணத்துக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் ஊருக்கே குடும்பத்தோடு வந்துவிட்டோம். 5 வருடம் ஆகிறது. “நாங்களும் நிதானமா வாழணும்னு பாக்கிறோம்” என்று விசாரிக்க வருகிறவர்களிடம் நிலம், சம்பளம் எல்லாம் பேசுவதற்கு முன்னால் நான் கேட்பது ஒன்றுதான். அங்கே போனதும் அடுப்படியில் யார் நிற்கப்போகிறீர்கள்?

நான் செய்த பெரிய தவறு அதில்தான். வந்த புதிதில் மிக்சி வேண்டாம், அம்மியில் அரைப்போம் என்றேன். கேஸை நிறுத்திவிட்டு விறகடுப்பு. பாலுக்கு வீட்டிலேயே மாடு. காலையில் திண்ணையில் உட்கார்ந்து காபி குடித்துக்கொண்டு, இதுதான் வாழ்க்கை என்று நினைத்தேன். அந்தக் காபிக்காக என் மனைவி நாலரை மணிக்கு எழுந்து, சாணி அள்ளி, பால் கறந்து, புகையில் ஊதிக்கொண்டு இருந்திருக்கிறாள். மாட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை கிடையாது. காலையும் மாலையும் கறந்தாக வேண்டும். மூன்றாவது மாதம் ஒருநாள் சொன்னாள்: “உங்களுக்கு ஓட்டம் நின்னுடுச்சு. எனக்கு இப்பதான் ஆரம்பிச்சிருக்கு.”

எளிமை என்று நாம் சொல்லும் பல விஷயம், பாட்டியும் அம்மாவும் வேறு வழியில்லாமல் சுமந்த வேலை. ஒரு மெஷினை வீட்டைவிட்டு அனுப்ப ஆசைப்படுகிறவர், அது செய்த வேலையை முதலில் ஒரு மாதம் தன் கையால் செய்து பார்க்க வேண்டும். நான் அம்மியில் பத்து நாள் அரைத்தேன். மிக்சி, கிரைண்டர், கேஸ் எல்லாம் திரும்ப வந்துவிட்டன. மாடு இருக்கிறது, கறப்பது நான்.

கிராமத்தில் எல்லாம் மெதுவாக நடக்கும் என்று நம்பி வருவது அடுத்த தவறு. மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது வழக்கம். வாய்க்காலில் தண்ணீர் வந்ததும் இங்கே யாருக்கும் நிற்க நேரம் இருக்காது. நாற்றங்கால், உழவு, நடவு என்று எல்லா வயலுக்கும் ஒரே வாரத்தில் ஆள் வேண்டும். குறுவை என்கிற அந்தக் குறுகிய கால நெல்லின் அறுப்பு செப்டம்பர், அக்டோபரில் வரும். பின்னாலேயே வடகிழக்குப் பருவமழை. அறுப்பு மெஷின் கிடைக்காமல் இரண்டு நாள் தள்ளிப்போய் நெல் நனைந்தால், ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் என்று கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். ரோட்டில் கொட்டிக் காயவைத்து, ராத்திரி முழுக்கத் தார்ப்பாயோடு காவல் இருக்க வேண்டும். ஆபீஸ் கெடுவை ஒரு நாள் நீட்டிக் கேட்கலாம், மழையிடம் கேட்க முடியாது. அறுப்பு முடிந்த பிறகு கிடைக்கும் ஓய்வு நிஜமான ஓய்வு, அதைச் சொல்லத்தான் வேண்டும்.

ராஜினாமாவை முதலில் கொடுத்துவிட்டுக் கணக்கை அப்புறம் போடுகிறவர்களும் உண்டு. கம்பெனி தந்த குழு மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பிறகு புதிதாக எடுக்கும் பாலிசியில், ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவற்றுக்கு 3 வருடம் வரை காத்திருக்க வேண்டியிருக்கலாம். அதே காப்பீட்டு நிறுவனத்தின் தனி பாலிசிக்கு மாற முடியுமா என்று, வேலையில் இருக்கும்போதே கேட்டுவிடுங்கள். பி.எஃப். ஓய்வூதியத்துக்கு 10 வருட சர்வீஸ் வேண்டும். 9 வருடத்தில் கிளம்ப நினைப்பவர் ஒரு வருடம் பொறுப்பது நல்லது.

நிலம் வாங்குவதில் அவசரமே கூடாது. பட்டா, வில்லங்கச் சான்று, புலப்படம் (நிலத்தின் எல்லை, அளவு காட்டும் வரைபடம்) மூன்றையும் பார்ப்பதோடு, அந்த நிலத்தில் பதிவு பெற்ற குத்தகைதாரர் இருக்கிறாரா என்றும் விசாரியுங்கள். டெல்டாவில் இது ரொம்ப முக்கியம். அவருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. நினைத்தபடி வெளியேற்ற முடியாது. தலைமுறையாக உழுதவரை வெளியேற்ற நினைப்பதும் நியாயமில்லை என்பது என் எண்ணம்.

செலவே இருக்காது என்று மட்டும் எண்ணாதீர்கள். வாடகை மிச்சமாகும். ஆனால் மொய், கோவில் வரி, துக்க வீடு என்று ஊர் நம்மைக் கூப்பிட்டுக்கொண்டே இருக்கும். போகாமல் இருந்தால், நம் வீட்டில் ஒன்று என்றால் வருவதற்கு ஆள் இருக்காது.

வேலையை விடுவதற்கு முன்னால் ஒரு மாத விடுப்பு எடுத்து வந்து இருந்து பாருங்கள். பொங்கல் சமயத்தில் வேண்டாம், அப்போது எந்த ஊரும் அழகாகத்தான் இருக்கும். ஐப்பசி மழையில் வாருங்கள். கரண்ட் போகும், வாசலில் சேறு நிற்கும், பிள்ளைகளுக்குக் காய்ச்சல் வந்தால் ஆஸ்பத்திரிக்கு எவ்வளவு தூரம் என்று தெரியும். எங்கள் தெருவிலேயே பூட்டிக் கிடக்கும் வீடுகள் நாலைந்து இருக்கின்றன. கேட்டால் வாடகைக்குத் தருவார்கள்.