சேலத்திலிருந்து குவாண்டம் ஆராய்ச்சிக்குப் போக

பிஎஸ்சி கணிதமோ இயற்பியலோ சேலத்தில் படித்துக்கொண்டே குவாண்டம், கிரிப்டோகிராஃபி (தகவலைப் பூட்டி அனுப்பும் மறைகுறியியல்) பக்கம் ஆசையா? சரி, முதலில் நேரியல் இயற்கணிதத்தைக் கையால் போட்டுப் பழகுங்கள். வீடியோ பார்த்தால் புரிந்த மாதிரிதான் இருக்கும், பேனா எடுத்தால்தான் குட்டு வெளிப்படும்.

அப்புறம், ஓர் எண்ணைக் காரணிகளாகப் பிரிக்கக் கணிதவியலாளர் பீட்டர் ஷோர் 1994இல் சொன்ன முறை. ஏற்காடு பஸ் கிளம்புவதற்குள் 15ஐ வைத்து ஒரு துண்டுச் சீட்டிலேயே போட்டுவிடலாம்: 7இன் அடுக்குகளை 15ஆல் வகுத்து மீதியை எழுதுங்கள், 7, 4, 13, 1 என்று வந்து மறுபடி 7இல் தொடங்கும், ஆக சுழற்சி 4. பாதி 2. 7இன் வர்க்கம் 49, அதன் இருபுறமும் 48, 50. இவற்றுக்கும் 15க்கும் உள்ள மீப்பெரு பொது வகுத்தி முறையே 3, 5. காரணிகள் வந்துவிட்டன! எண் பெரிதானால் அந்தச் சுழற்சியைப் பிடிப்பதுதான் மலை, குவாண்டம் கணினி தேவைப்படுவது அங்கேதான்.

லாட்டிஸ் (சீரான புள்ளிக் கட்டம்) கணக்கையும் விடாதீர்கள்: குவாண்டம் கணினியையும் தாங்கும் கிரிப்டோகிராஃபிக்காக 2024 ஆகஸ்டில் அமெரிக்காவின் தரநிலை அமைப்பான நிஸ்ட் வெளியிட்ட மூன்று தரநிலைகளில் இரண்டு அதை நம்பியவை. குவாண்டம் நிரல் எழுதிப் பார்க்க உதவும் கிஸ்கிட் மென்பொருள் இலவசம், லேப்டாப்பிலேயே ஓடும்.

முதுகலையின்போதே ஜெஸ்ட், கேட் நுழைவுத் தேர்வுகளை எழுதுங்கள். சென்னையில் கணித அறிவியல் நிறுவனமும் ஐஐடியும் இருக்கின்றன. பேராசிரியருக்கு வெறும் பயோடேட்டா அனுப்பாமல், அவர் கட்டுரை ஒன்றைப் படித்து ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்.