தரவில் இல்லாத மூதாதையர்: மார்பகப் புற்றுநோய் மரபணு அறிக்கைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மார்பகப் புற்றுநோய்க்கான மரபணுச் சோதனை முடிவுகளைப் படித்து அறிக்கை எழுதுவது என் வேலை. புதிதாகச் சேர்ந்தவர்களின் வரைவுகளைத் திருத்த உட்காரும்போதெல்லாம், பல ஆண்டுகளுக்கு முன் நானே எழுதிய வரிகள் திரும்ப வந்து நிற்கின்றன. மாதிரிக் குழாய் மாறிப்போவது, தந்தை வழி உறவினர்களின் நோய் விவரத்தைக் கேட்க மறப்பது போன்றவற்றை இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அவற்றை யாராவது ஒருவர் பிடித்துவிடுவார். யார் கண்ணிலும் படாமல் நழுவிவிடும் தவறுகள் பெரும்பாலும் ஒரு கேள்வியைக் கேட்காததால் வருகின்றன: சோதனைக்கு வந்தவரின் மூதாதையர் யார், நாம் ஒப்பிட்டுப் பார்க்கும் தரவில் இருப்பவர்களின் மூதாதையர் யார்?

ஒரு சமூகம், ஒரு பட்டியல்

மத்திய, கிழக்கு ஐரோப்பிய வம்சாவளியினரான அஷ்கெனாசி யூதர்களில் ஏறக்குறைய 40 பேரில் ஒருவருக்கு, கெட்டால் மார்பக, சினைப்பைப் புற்றுநோய் ஆபத்தைக் கூட்டும் பிஆர்சிஏ1 அல்லது பிஆர்சிஏ2 மரபணுவில் நோயுண்டாக்கும் திரிபு (டிஎன்ஏ வரிசையில் ஒரு மாற்றம்) இருக்கிறது. அதில் பெரும்பங்கு மூன்றே மூன்று திரிபுகள். ஒவ்வொன்றும் சிறு கூட்டமாக இருந்த காலத்தில் ஒரு மூதாதையிடமிருந்து வழிவழியாகப் பரவியது. எல்லாப் பாடநூல்களும் இந்த எடுத்துக்காட்டையே சொல்வதால், புதியவர்கள் மனத்தில் அது ஒரு சட்டம்போல் பதிந்துவிடுகிறது.

மூன்றில் ஒன்றான '185டெல்ஏஜி' கொலராடோவின் சான் லூயிஸ் பள்ளத்தாக்கில் வாழும் ஸ்பானிய வம்சாவளிக் குடும்பங்களிலும் உண்டு. இந்தியக் குடும்பங்களிலும் உண்டு. இந்தியக் குடும்பம் ஒன்றில் அந்தத் திரிபைச் சுற்றியுள்ள டிஎன்ஏ வரிசையை ஆராய்ந்தபோது அது யூதர்களுடையதோடு பொருந்தவில்லை. அதே இடத்தில் அதே பிழை தனியாக இன்னொரு முறை நேர்ந்திருக்கிறது. ஆகவே திரிபைப் பார்த்துக் குலம் சொல்ல முடியாது. குலத்தைக் கேட்டுத் திரிபைக் கணித்துவிடவும் முடியாது. இந்த மூன்றை மட்டும் பார்க்கும் வீட்டுச் சோதனைக்கு 2018இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. யூத மூதாதையரே இல்லாத ஒருவர் அந்தத் தாளை நீட்டி 'எனக்கு ஒன்றும் இல்லையாம்' என்று சொன்னால், அந்த நிம்மதிக்கு அடித்தளம் இல்லை என்பதை அப்போதே சொல்லிவிட வேண்டும்.

கருவி பார்க்காததை 'இல்லை' என்று எழுதுவது

போர்ச்சுகீசியக் குடும்பங்களில் பரவலாக உள்ள பிஆர்சிஏ2 திரிபு, மரபணுவுக்குள் ஒரு நீண்ட துண்டு செருகிக்கொண்டதால் வந்தது. வழக்கமான வரிசைப்படுத்தல் அதைத் தவறவிட்டுவிடக்கூடும். மெக்சிகோவில் பரவலாக உள்ள ஒன்றில் பிஆர்சிஏ1இன் 9 முதல் 12 வரையிலான எக்ஸான்கள் (புரதத்துக்கான குறிப்பு உள்ள துண்டுகள்) மொத்தமாகவே காணாமல் போயிருக்கின்றன. எந்த முறையில் தேடினோம் என்பது அறிக்கையில் இருக்கட்டும்.

'தரவுத்தளத்தில் இல்லை, ஆகவே ஆபத்தானது'

இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். செய்தவள் நான் என்பது எரிச்சலைக் கூட்டுகிறது.

வேலையில் சேர்ந்து இரண்டு ஆண்டுகள்கூட ஆகவில்லை. 44 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்த ஒரு பெண்ணின் முடிவு என் மேசைக்கு வந்தது. பிஆர்சிஏ2இல் ஒரே ஓர் அமினோ அமிலத்தை மாற்றும் திரிபு. பொது மக்கள்தொகைத் தரவுத்தளத்தில் தேடினேன்; ஒருவரிடமும் இல்லை. மூன்று கணிப்பு மென்பொருள்களும் 'புரதத்தைக் கெடுக்கும்' என்றன. அவருடைய தாய்க்கும் இதே நோய். எல்லாம் ஒரே திசையில் கைகாட்டுவதாகத் தோன்றியது. 'பொருள் தெளிவற்ற திரிபு' என்று எழுதியிருக்க வேண்டிய இடத்தில் 'நோயுண்டாக்கக்கூடியது' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.

அந்தப் பெண்ணின் இரண்டு தங்கைகளும் சோதித்துக்கொண்டார்கள். ஒருவருக்குத் திரிபு இருந்தது. அவர் 41 வயதில் சினைப்பைகளையும் கருக்குழாய்களையும் அகற்றிக்கொண்டார். இன்னொருவருக்கு இல்லை, எல்லாப் பெண்களுக்கும் உள்ள ஆபத்துதான் அவருக்கும் என்று சொல்லி அனுப்பினார்கள். குடும்ப வரலாற்றை முன்னிட்டு அதுவரை ஆண்டுதோறும் செய்துவந்த மார்பகப் பரிசோதனையை அவர் நிறுத்திவிட்டார்.

நான்கு ஆண்டுகள் கழித்து, அந்தக் குடும்பத்தின் வம்சாவளியைச் சேர்ந்த சில ஆயிரம் பேரின் தரவு வெளிவந்தது. அவர்களில் நூற்றில் ஒருவருக்கு அந்தத் திரிபு இருந்தது. நோயுள்ளவர்களிடமும் இல்லாதவர்களிடமும் ஏறக்குறைய ஒரே அளவில்.

நான் தேடிய நாளில் அந்தத் தரவுத்தளத்தில் இருந்த பல பத்தாயிரம் பேரில் பெரும்பான்மையினர் ஐரோப்பிய வம்சாவளியினர். அந்தப் பெண்ணின் மக்களிலிருந்து நூறு பேர்தான் இருந்தார்கள். ஒருவருக்கு மரபணுவின் இரண்டு பிரதிகள் வீதம் 200 பிரதிகள். அதில் ஒரு திரிபு ஒருமுறைகூடத் தென்படவில்லை என்றால், புள்ளியியலில் உள்ள சுருக்கு வழிப்படி 3ஐ 200ஆல் வகுக்க வேண்டும். அதன் விகிதம் 1.5 சதவீதத்துக்கு மேல் இருக்க வாய்ப்பு குறைவு என்று மட்டும்தான் அதிலிருந்து சொல்ல முடியும். 50,000 பேரிடம் தேடி இல்லையென்றால் அதே கணக்கு 0.003 சதவீதம் என்று வரும். இரண்டு இடத்திலும் திரையில் தெரிவது ஒரே பூச்சியம். நூற்றில் ஒருவர் சுமக்கும் திரிபு 200 பிரதிகளில் ஒன்றில்கூட அகப்படாமல் போக மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் வாய்ப்பு உண்டு. அரிது என்று நான் எழுதியது உண்மையில் ஆள் போதவில்லை என்பதைத்தான்.

மற்றச் சான்றுகளும் பார்க்கப் பார்க்க உதிர்ந்தன. மூன்று மென்பொருள்களும் பெரும்பாலும் ஒரே தகவலை, அதாவது வெவ்வேறு உயிரினங்களில் அந்த இடம் மாறாமல் இருக்கிறதா என்பதை வைத்தே கணிக்கின்றன. ஒரே சாட்சியை மூன்று முறை விசாரித்துவிட்டு மூன்று சாட்சிகள் என்று எழுதியிருந்தேன். தாய்க்கு நோய் இருந்தது சரி, தாய்க்கு அந்தத் திரிபு இருந்ததா? கேட்கவே இல்லை.

அரிதாக இருப்பது மிதமான ஒரு சான்று மட்டுமே என்று 2015இல் வந்த அமெரிக்க வகைப்பாட்டு நெறிமுறை தெளிவாகவே சொல்கிறது. 2018இல் வெளியான ஒரு பெரிய ஆய்வில், தெளிவற்றவை என்ற நிலையிலிருந்து பின்னர் மறுவகைப்படுத்தப்பட்ட திரிபுகளில் சுமார் 91 சதவீதம் தீங்கற்ற பக்கமே போயின. இது மார்பகத்தோடு நிற்கும் சிக்கலும் இல்லை. பரம்பரை இதயத்தசை நோயில், கறுப்பின அமெரிக்கர்களிடம் சாதாரணமாகக் காணப்படும் திரிபுகள் நோய்க்காரணம் என்று அறிக்கையில் ஏறியதை 2016இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது. ஒப்பீட்டுக் குழுவில் சிறு எண்ணிக்கையிலாவது கறுப்பினத்தவரைச் சேர்த்திருந்தால் அவற்றில் பலவற்றைத் தவிர்த்திருக்கலாம்.

இதைப் படித்துவிட்டு 'பரவலாக இருந்தால் தீங்கற்றது' என்று மறுபக்கம் விழுந்துவிட வேண்டாம். ஐஸ்லாந்து மக்களில் சுமார் 0.6 சதவீதத்தினர் ஒரே பிஆர்சிஏ2 திரிபைச் சுமக்கிறார்கள். அது நோயுண்டாக்குவது என்பதில் ஐயமே இல்லை. தெற்கு பிரேசிலில், புற்றுநோயைத் தடுக்கும் டிபி53 மரபணுவின் நோயுண்டாக்கும் ஒரு திரிபு பிறக்கும் குழந்தைகளில் சுமார் 0.3 சதவீதத்தினரிடம் காணப்படுகிறது. பரவல் எவ்வளவு என்பதோடு, அது நோயாளிகளிடம் கூடுதலாக இருக்கிறதா, குடும்பத்தில் நோயோடு சேர்ந்தே இறங்குகிறதா என்றும் பார்த்தாக வேண்டும்.

சினைப்பையை இழந்த தங்கையைப் பற்றித்தான் எல்லோரும் கேட்பார்கள். என்னை அதிகம் உறுத்துவது மற்றவர்தான். அவருக்குத் திரிபு இல்லை என்பது உண்மை. ஆனால் அந்தக் குடும்பத்தில் நோய் எதனால் வந்தது என்பதே தெரியாதபோது, எது இல்லையென்று அவருக்கு நிம்மதி சொன்னோம்?

ஐரோப்பிய மதிப்பெண்ணை அப்படியே ஒட்டுவது

சிறு சிறு விளைவு கொண்ட பல திரிபுகளைக் கூட்டி மதிப்பெண் போடும் முறை இப்போது பரவிவருகிறது. 2019இல் வந்த 313 திரிபுகளின் மதிப்பெண் ஐரோப்பிய வம்சாவளிப் பெண்களின் தரவில் உருவானது. அவர்களிடம் மதிப்பெண் ஒரு திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து பரவியிருக்கும் அளவு) கூடினால் ஆபத்து சுமார் 1.6 மடங்காகிறது. கிழக்காசியப் பெண்களிடம் அது சுமார் 1.5. ஆப்பிரிக்க வம்சாவளிப் பெண்களிடம் சுமார் 1.3.

காரணம் எளிது. அந்த 313இல் பல, நோய்க்குக் காரணமான திரிபுகள் அல்ல. குரோமோசோமில் அவற்றின் அருகே இருந்து சேர்ந்தே இறங்கும் அண்டை வீட்டுக்காரர்கள். யார் யாருக்கு அண்டை என்பது மக்களுக்கு மக்கள் மாறும். ஆப்பிரிக்க மரபணுத்தொகையில் அந்த அண்டைத் தொடர்புகள் சீக்கிரமே அறுந்துவிடுகின்றன. இதைவிட மோசமானது சதவீத வரிசையை இரவல் வாங்குவது. சராசரி மதிப்பெண்ணே ஒவ்வொரு மக்களிடமும் வேறாக இருக்கும்போது, 'முதல் பத்து சதவீதத்தில் இருக்கிறீர்கள்' என்று ஐரோப்பிய வரிசையைப் பார்த்துச் சொல்வதற்குப் பொருளே கிடையாது.

'ஸ்டாப் வந்தாலே நோய்'

புரதம் கட்டுவதை அங்கேயே நிறுத்தச் சொல்லும் குறிதான் ஸ்டாப். பிஆர்சிஏ2 புரதத்தின் வால்நுனியில், 3326ஆம் இடத்தில் வரும் ஸ்டாப் தீங்கற்றதாகவே வகைப்படுத்தப்பட்டிருக்கிறது; அதை முதலில் படித்துவிட்டு வாருங்கள்.

கேடு மட்டுமே பரம்பரையில் வரும் என்று எண்ணுவது

அமெரிக்கப் பழங்குடி மூதாதையர் வழி வந்த, 6ஆம் குரோமோசோமிலுள்ள ஒரு திரிபு, லத்தீன் அமெரிக்கப் பெண்களை மார்பகப் புற்றுநோயிலிருந்து ஓரளவு காக்கிறது.

இறப்பு வேறுபாட்டை எல்லாம் மரபணுவின் தலையில் கட்டுவது

அமெரிக்காவில் கறுப்பினப் பெண்களுக்கு இந்நோய் வருவது வெள்ளையினப் பெண்களைவிடச் சற்றுக் குறைவு. இறப்போ சுமார் 40 சதவீதம் அதிகம். உடனே புதியவர்கள் 'எந்த மரபணு?' என்று கேட்கிறார்கள். 2021இல் வெளியான ஆய்வில், நோயுண்டாக்கும் திரிபுகள் இரு தரப்பு நோயாளிகளிடமும் ஐந்து, ஆறு சதவீதம் என்ற அளவிலேயே இருந்தன. மும்மறை வகைப் புற்றுநோய் (சிகிச்சைகள் குறிவைக்கும் மூன்று ஏற்பிகளும் இல்லாதது) கறுப்பினப் பெண்களுக்குச் சுமார் இரு மடங்கு வருகிறது. அதில் பரம்பரைக்குப் பங்கு இருக்கலாம். ஆனால் எப்போது கண்டறிந்தார்கள், எவ்வளவு விரைவில் சிகிச்சை தொடங்கியது என்பதையும் அதே பக்கத்தில் எழுதுங்கள். ஜப்பானியப் பெண்கள் அமெரிக்காவில் குடியேறிய ஓரிரு தலைமுறைகளில் அவர்களிடம் இந்நோய் வெகுவாகக் கூடியது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணு மாறிவிடாது.

அறிக்கையை அனுப்பியதும் மறந்துவிடுவது

இப்போது எந்தத் தரவுத்தளத்தில், எந்தத் தேதியில், அந்த வம்சாவளியினர் எத்தனை பேரிடம் தேடினோம் என்று அறிக்கையின் முதல் பக்கத்திலேயே எழுதுகிறேன். மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை பழைய தெளிவற்ற திரிபுகளைத் திரும்ப எடுக்கிறேன். சோதித்துக்கொண்டவர்களின் முகவரியும் தொலைபேசி எண்ணும் புதுப்பிக்கப்பட்டிருக்கின்றனவா என்று நானே பார்க்கிறேன். அந்த மூன்று பெண்களுக்கும் திருத்திய அறிக்கை அனுப்பியபோது, பரிசோதனையை நிறுத்திவிட்ட தங்கை வீடு மாறியிருந்தார். அவருக்கு அனுப்பிய உறை பிரிக்கப்படாமல் திரும்பி வந்தது. அக்காவைத் தொலைபேசியில் பிடித்து, அவர் மூலம் செய்தி போய்ச் சேர மேலும் ஏழு மாதங்கள் ஆயின.