குர்ஆனில் இருக்கிறதா, இல்லையா: நாமே தேடிப் பார்ப்பது எப்படி?

"நாய் அசுத்தம் என்று குர்ஆனில் இருக்கிறதாமே, உண்மையா?"

இப்படி யாராவது கேட்டால் சிலர் சட்டென்று ஆமாம் என்கிறார்கள், சிலர் இல்லை என்கிறார்கள். ஆமாம் என்று சொல்ல ஒரு வசனத்தைக் காட்டினால் போதும். இல்லை என்று சொல்லத்தான் பாடுபட வேண்டும், ஏனென்றால் 114 சூராக்களையும் (அத்தியாயங்கள்) 6,236 வசனங்களையும் மனதில் வைத்துக்கொண்டு சொல்ல வேண்டிய பதில் அது. அரபி தெரியாதவர்களும் இதைப் பொறுப்பாகச் செய்யலாம். இந்த ஒரு கேள்வியையே கடைசி வரை பிடித்துக்கொண்டு போவோம்.

முதல் படி: கேள்வியைப் பிரியுங்கள்

"இஸ்லாத்தில் இருக்கிறதா?" என்பதற்குள் குறைந்தது மூன்று கேள்விகள் இருக்கின்றன. குர்ஆன் வசனமாக இருக்கிறதா? நபிகள் நாயகம் (ஸல்) அவர்களின் சொல், செயலாக ஹதீஸில் வருகிறதா? இல்லை, இவற்றை வைத்து இமாம்கள் (மார்க்கச் சட்ட அறிஞர்கள்) எடுத்த முடிவா? நம் கேள்வியில் "குர்ஆனில்" என்று இருப்பதால் முதலில் குர்ஆன் மட்டும். மற்ற இரண்டும் பிறகு.

இரண்டாம் படி: சொல்லைத் தேடுங்கள்

ஒரே ஒரு தமிழ் மொழிபெயர்ப்பில் தேடிவிட்டு நிறுத்திவிடாதீர்கள், இரண்டு மூன்றைப் பாருங்கள். "நாய்" என்று தேடினால் 7:176 (7ஆம் சூரா, 176ஆம் வசனம்), 18:18, 18:22 ஆகியவை கிடைக்கும். ஆனால் 5:4 தப்பிவிடலாம். அங்கே வருவது வேட்டைக்குப் பழக்குவதைக் குறிக்கும் ஒரு சொல். அது நாயைக் குறிக்கும் "கல்ப்" என்ற சொல்லின் வேரிலிருந்தே வந்தது, ஆனால் மொழிபெயர்ப்பில் "வேட்டைப் பிராணி" என்று இருந்தால் தேடல் அதைக் காட்டாது. அதனால் அரபி வேர்ச்சொல் வழியாகவும் ஒருமுறை தேட வேண்டும். அதற்கான குர்ஆன் அகராதிகள் இருக்கின்றன.

தமிழ் எழுத்தை நம்பித் தேடுபவர்களுக்கு இங்கே ஒரு பள்ளம் உண்டு. இதயத்தையும் தமிழில் "கல்ப்" என்றுதான் எழுதுகிறோம். அரபியில் இரண்டும் வேறு வேறு எழுத்தில் தொடங்கும் வேறு வேறு சொற்கள். இதைக் கவனிக்காவிட்டால் இதயம் பற்றிய வசனங்கள் எல்லாம் நாய்க் கணக்கில் சேர்ந்துவிடும்.

மூன்றாம் படி: முன்னும் பின்னும் படியுங்கள்

தேடிக் கிடைத்த ஒற்றை வரியை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். 107:4 "தொழுகையாளிகளுக்குக் கேடுதான்" என்று முடிகிறது. தொழுபவர்களைப் பழிக்கிறதா? அடுத்த வசனத்தைப் படியுங்கள்: தங்கள் தொழுகையில் அலட்சியமாக இருப்பவர்கள் என்று வருகிறது.

சரி, நாய் வரும் வசனங்களுக்கு வருவோம். 7:176இல், வசனங்கள் கொடுக்கப்பட்டும் ஆசையின் பின்னால் போன ஒருவனுக்கு நாக்கைத் தொங்கப்போடும் நாய் உவமையாக வருகிறது. 5:4இல், பழக்கிய பிராணிகள் உங்களுக்காகப் பிடித்ததை அல்லாஹ்வின் பெயர் சொல்லி உண்ணுங்கள் என்று அனுமதி. 18:18இல், குகையில் தூங்கும் இளைஞர்களின் நாய் வாசலில் முன்னங்கால்களை விரித்துக்கொண்டு கிடக்கிறது. எனக்கு மிகவும் பிடித்த காட்சி இது. நாய் அசுத்தம் என்று சொல்லும் வசனம் இவற்றில் எதுவும் இல்லை.

இங்கே இன்னொன்று. மொழிபெயர்ப்புகளில் அடைப்புக்குறிக்குள் இருப்பது மொழிபெயர்த்தவர் விளக்கத்துக்காகச் சேர்த்தது. 37:102இல் இப்ராஹீம் நபி பலியிடக் கனவு கண்ட மகனின் பெயர் மூலத்தில் இல்லை. அடைப்புக்குறிக்குள் "இஸ்மாயீல்" என்று பார்த்தால், அது பெரும்பாலான அறிஞர்களின் விளக்கம் என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

நான்காம் படி: ஹதீஸைப் பாருங்கள்

பாத்திரத்தில் நாய் வாய் வைத்துவிட்டால் ஏழு முறை கழுவ வேண்டும் என்ற ஹதீஸ் புகாரி, முஸ்லிம் என்ற இரண்டு ஹதீஸ் தொகுப்புகளிலும் இருக்கிறது. முஸ்லிமில் ஓர் அறிவிப்பில் முதல் முறை மண்ணால் என்றும் வருகிறது. ஆக, கேள்வி கேட்டவர் சும்மா கேட்கவில்லை, கேள்விப்பட்ட இடம்தான் மாறிவிட்டது. அதே புகாரியில் தாகத்தால் ஈர மண்ணை நக்கிக்கொண்டிருந்த நாய்க்குக் கிணற்றில் இறங்கித் தன் காலுறையில் தண்ணீர் மொண்டு வந்து கொடுத்தவரை இறைவன் மன்னித்த செய்தியும் உண்டு. ஒன்றைச் சொல்லி மற்றதை விட்டுவிடுவது நியாயமில்லை.

ஹதீஸ் என்றால் அதன் தரத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்: ஸஹீஹ் (ஆதாரப்பூர்வமானது), ஹஸன் (ஏற்கத்தக்கது), ளயீஃப் (பலவீனமானது), இட்டுக்கட்டப்பட்டது. "சீனா சென்றாயினும் கல்வியைத் தேடு" என்பதை நபிமொழி என்று எத்தனையோ பேர் மேற்கோள் காட்டுகிறார்கள். அதன் அறிவிப்பாளர் தொடர் (யார் யாரிடமிருந்து கேட்டார் என்ற வரிசை) நம்பத்தக்கதல்ல என்பதே ஹதீஸ் கலை அறிஞர்களின் பொதுவான முடிவு. அப்புறம், பதிப்புக்குப் பதிப்பு ஹதீஸ் எண் மாறும். எண்ணோடு நூலின் பெயரையும் தலைப்பையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: இமாம்களின் முடிவு

இமாம்களின் வழிவந்த சட்டப் பிரிவுகளை மத்ஹப் என்பார்கள். ஷாஃபி மத்ஹபில் நாய் முழுவதுமே அசுத்தம். ஹனஃபியில் அதன் எச்சில் அசுத்தம். மாலிக்கியில் நாய் சுத்தமான பிராணிதான், ஏழு முறை கழுவுவது வணக்கமாகச் சொல்லப்பட்ட கட்டளை. நாய் கவ்விய வேட்டையை உண்ணலாம் என்ற 5:4 அவர்களுக்கு ஓர் ஆதாரம்.

இப்போது பதிலை இப்படி எழுதலாம்: "நாய் அசுத்தம் என்று குர்ஆனில் வசனம் இல்லை. அது வாய் வைத்த பாத்திரத்தைக் கழுவச் சொல்லும் ஸஹீஹான ஹதீஸ் உண்டு. அதிலிருந்து எடுத்த சட்டத்தில் மத்ஹபுகள் வேறுபடுகின்றன."

பழகிப் பார்க்க இன்னும் சில. ஆதமின் மனைவியைக் குர்ஆன் பெயர் சொல்லாமலே குறிப்பிடுகிறது, ஹவ்வா என்ற பெயர் ஹதீஸில் வருகிறது. விலக்கப்பட்ட மரம் எது என்று சொல்லப்படவில்லை, ஆப்பிள் எங்கும் கிடையாது. தொழுகை நேரங்கள் 11:114, 17:78 போன்ற வசனங்களில் உண்டு, "ஐந்து" என்ற எண் ஹதீஸில். ஜகாத் (கட்டாய தர்மம்) பெறத் தகுதியான எட்டு வகையினர் 9:60இல், இரண்டரை சதவீதக் கணக்கு ஹதீஸில். கத்னா (விருத்தசேதனம்) குர்ஆனில் இல்லை, ஹதீஸில் உண்டு.

"இல்லை" என்று கண்டபின் ஒரு எச்சரிக்கை

குர்ஆன் சொல்லாதது எல்லாம் பொய் என்றோ கூடாது என்றோ ஆகிவிடாது. சில தூதர்களைப் பற்றி உமக்குச் சொன்னோம், சிலரைப் பற்றிச் சொல்லவில்லை என்று 40:78 தானே சொல்கிறது. காபியும் அப்படித்தான், குர்ஆனில் அதன் பேச்சே இல்லை. 1511இல் மக்காவில் அது கூடுமா கூடாதா என்று வாதாடித் தடையே போட்டார்கள். தடை நீடிக்கவில்லை.

கடைசியாக, அந்தக் குகை நாயின் பெயர் "கித்மீர்" என்று குர்ஆன் விளக்க நூல்களில் வரும். குர்ஆனில் தேடினால் அந்தச் சொல் 35:13இல் கிடைக்கும், ஆனால் அங்கே அதன் பொருள் பேரீச்சங்கொட்டையின் மேலிருக்கும் மெல்லிய தோல். நாயின் பெயரைக் குர்ஆன் சொல்லவில்லை. குகையில் இருந்தவர்கள் எத்தனை பேர் என்பதையும் 18:22 முடிவாகச் சொல்லவில்லை. மூன்று பேர், நான்காவது நாய் என்பார்கள், ஐந்து பேர், ஆறாவது நாய் என்பார்கள், ஏழு பேர், எட்டாவது நாய் என்பார்கள், எண்ணிக்கையை என் இறைவனே நன்கறிவான் என்று நீர் சொல்வீராக என்கிறது. மூன்று கணக்கிலும் அந்த நாய் விடுபடவில்லை.