குடியும் மனநோயும் சேர்ந்திருந்தால்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

"முதல்ல குடியை நிறுத்திட்டு வாங்க, அப்புறம் மத்ததைப் பார்க்கலாம்" என்று மனநலப் பிரிவில் சொல்லி அனுப்புவார்கள். மறுவாழ்வு மையத்துக்குப் போனால், "காதுல குரல் கேக்குதுன்னு சொல்றாரே, அதைச் சரி பண்ணிட்டுக் கூட்டிட்டு வாங்க" என்பார்கள். இரண்டு வாசலுக்கும் நடுவில் அலைவது அந்த மனிதரின் மனைவியோ அம்மாவோதான், அதுவும் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, தண்டையார்பேட்டையிலிருந்து பஸ் பிடித்து. நான் பார்த்ததிலேயே பெரிய தவறு இந்த அலைக்கழிப்புதான். குரல் கேட்கிற பயத்தை அமுக்கத்தான் ஒருவர் குடிக்கிறார் என்றால், குரலை அப்படியே விட்டுவிட்டுக் குடியை மட்டும் எப்படி நிறுத்துவார்? இரண்டுக்கும் ஒரே சமயத்தில், முடிந்தவரை ஒரே மருத்துவரிடம் சிகிச்சை நடக்க வேண்டும். சென்னை கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகத்தில் போதைக்கும் சேர்த்தே பார்க்கிறார்கள். ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்களுக்கு ஸ்டான்லி அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. மருத்துவரிடம் உட்கார்ந்த உடனே இரண்டு பிரச்சினையையும் சொல்லிவிடுங்கள், ஒன்றை மறைத்து ஒன்றைச் சொன்னால் பாதி வைத்தியம்தான் கிடைக்கும்.

குடித்ததால் மனசு கெட்டதா, மனசு கெட்டதால் குடித்தாரா என்று வீட்டில் இரண்டு கட்சி பிரிந்து சண்டை நடக்கும். அதற்குப் பதில் தெரிந்தால்தான் வைத்தியம் என்பது கிடையாது. அதே போல முதல் நாளே நோய்க்கு ஒரு பெயரை ஒட்டிவிடுவதும் தவறு. நிறையக் குடிப்பவர்களிடம் தெரிகிற சோர்வும் அழுகையும் குடியை விட்ட இரண்டு மூன்று வாரங்களில் தானாகவே குறைவது உண்டு. கஞ்சாவால் வந்த சந்தேகமும் குரலும் பலருக்குச் சில நாட்களில் அடங்கும்; நிறுத்தி ஒரு மாதம் தாண்டியும் அடங்கவில்லை என்றால் உள்ளே தனியாக ஒரு நோய் இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். ஆனால் ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம் என்று சும்மா உட்கார்ந்திருக்கவும் கூடாது. சாப்பாட்டில் விஷம் வைத்திருக்கிறார்கள் என்று தட்டைத் தள்ளிவிடுகிறவருக்கும், சாக வேண்டும் என்று சொல்கிறவருக்கும் சிகிச்சை அன்றைக்கே வேண்டும்.

அடுத்தது திடீரென்று நிறுத்துவது. கார்த்திகை பிறந்தால் மாலை போட்டு ஒரே நாளில் குடியை விடுகிறவர்கள் நம் தெருக்களில் எத்தனை பேர்! கோயிலில் கயிறு கட்டிக்கொள்பவர்களும் அப்படித்தான். அந்த மன உறுதியை நான் மதிக்கிறேன், ஆனால் பல வருடங்களாகக் காலையில் எழுந்ததும் ஒரு கட்டிங் போட்டால்தான் கை நடுக்கம் நிற்கும் என்ற நிலையில் இருப்பவருக்கு இது உயிருக்கே ஆபத்து. கடைசியாகக் குடித்து ஆறு மணி நேரத்திலிருந்தே நடுக்கமும் வியர்வையும் ஆரம்பிக்கலாம், முதல் 2 நாட்களுக்குள் வலிப்பு வரலாம், 2 முதல் 4 நாட்களுக்குள் சிலருக்கு ஆள் அடையாளம் தெரியாமல், இல்லாத பூச்சியைச் சுவரில் தேடி, "யாரோ வெட்ட வர்றாங்க" என்று ஓடுகிற நிலை வரும். காசிமேட்டிலிருந்து விசைப்படகில் போனவர் கடலில் மூன்றாம் நாள் இப்படி ஆனால், கூட இருப்பவர்கள் பேய் அடித்துவிட்டது என்று நினைத்துக் கரை சேர்ந்ததும் மந்திரிக்கக் கூட்டிப்போகிறார்கள். புதிதாக மனநோய் வந்துவிட்டது என்று நினைத்துத் தூக்க ஊசி போட்டுத் திருப்பி அனுப்பிவிடுவதும் நடக்கிறது. இது அவசர சிகிச்சைக்கான நிலை, மருத்துவமனையில் சேர்த்து அதற்கென்று உள்ள மாத்திரைகளைக் கொடுத்து, பிறகு படிப்படியாகக் குறைக்க வேண்டும். மாலை போடுவதானால் அதற்கு முன்பே மருத்துவரைப் பார்த்துவிடுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொன்று: குடித்துச் சோர்ந்து கிடப்பவருக்குத் தெருமுனை கிளினிக்கில் ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏற்றிவிடுவது. சரியாகச் சாப்பிடாமல் குடிப்பவர்களின் உடம்பில் தயமின் என்ற பி1 வைட்டமின் வற்றிப்போயிருக்கும். அது இல்லாமல் குளுக்கோஸ் மட்டும் உள்ளே போனால் மூளை பாதிக்கப்படலாம், அதனால் தயமின் ஊசி முதலில் போக வேண்டும், குறைந்தது கூடவே. நடை தள்ளாடி, பார்வை ஒரு நிலையில் நிற்காமல், பேச்சு குழம்பினால் "இன்னும் போதை தெளியல" என்று படுக்க வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள். உடனே கவனிக்காவிட்டால் ஞாபகசக்தி நிரந்தரமாகப் போய்விடக்கூடும்.

"அவருக்குத் தெரியாமல் உணவில் கலந்து கொடுக்கலாம்" என்று குடியை நிறுத்தும் பவுடருக்குச் சுவரில் ஒட்டியிருக்கும் விளம்பரங்களை நம்பவே நம்பாதீர்கள். அந்தப் பவுடரில் என்ன இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. குடியை விடுவதற்கு டைசல்ஃபிரம் என்ற மாத்திரை நிஜமாகவே இருக்கிறது, மருத்துவர் எழுதித் தருவதுதான்; அதைச் சாப்பிட்டவர் குடித்தால் வாந்தி, படபடப்பு, ரத்த அழுத்தம் சரிவது என்று ஆகி உயிரே போகலாம். சிலருக்கு மனநோய் அறிகுறிகளையும் அது கிளறிவிடும். ஏற்கனவே என்னை யாரோ விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறவருக்குத் தெரியாமல் குழம்பில் மாத்திரை கலந்தால், அந்தச் சந்தேகத்தை நாமே உண்மையாக்கிவிடுகிறோம்.

அம்மாக்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான்: "இன்னைக்குக் குடிச்சிட்டு வந்திருக்கான், ராத்திரி மாத்திரை குடுக்கலாமா வேணாமா?" யாரும் தெளிவாகச் சொல்லாததால் பயந்துபோய் எல்லா மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள். வாரத்தில் நாலு நாள் குடிக்கிறவருக்கு வாரத்தில் மூன்று நாள்தான் மருந்து என்றால் நோய் எப்படி அடங்கும்? குரலையும் சந்தேகத்தையும் அடக்கும் மருந்தை, அவர் மது குடித்த நாளிலும் விடாமல் கொடுக்கச் சொல்வதுதான் பெரும்பாலும் நடைமுறை. ஆனால் தூக்க மாத்திரை, பதற்றத்துக்கான மாத்திரை வகைகள் மதுவோடு சேர்ந்தால் மூச்சே அடங்கிப்போகலாம். எந்த மாத்திரை எந்த வகை என்று நாமாக முடிவு பண்ணக் கூடாது. அட்டைகளை அப்படியே எடுத்துப்போய், "குடிச்ச நாள்ல இதுல எதைக் குடுக்கணும், எதை விடணும்" என்று கேட்டு, அட்டையின் மேலேயே குறித்து வாங்கிக்கொள்ளுங்கள். மருத்துவர்களும் கேட்கும்வரை காத்திருக்காமல் சொல்லலாம்.

பீடியை யாரும் கணக்கில் சேர்ப்பதில்லை. குரலையும் சந்தேகத்தையும் அடக்கக் கொடுக்கும் குளோசபின், ஒலான்சபின் மருந்துகள் இரண்டையும் பீடிப் புகை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிவிடும். வார்டில் பீடி இல்லாமல் இருக்கும்போது மருந்து அளவு ரத்தத்தில் ஏறி அதிகத் தூக்கம் வரும். வீட்டுக்கு வந்து மறுபடி ஊதத் தொடங்கினால் அளவு இறங்கி, மாத்திரையை ஒழுங்காகப் போட்டும் குரல் திரும்ப வரும், வீட்டில் "மாத்திரையைத் துப்பிட்டான்" என்று பழி விழும். எத்தனை பீடி என்பதையும், கூட்டினாலும் குறைத்தாலும் அதையும் மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.

பிள்ளைகள் வலி மாத்திரையைக் கரைத்து ஊசியாகப் போட்டுக்கொள்வதைப் பற்றியும் பேச வேண்டும், போலீசுக்குப் பயந்து இதைத்தான் அதிகம் மறைக்கிறார்கள். டேப்பென்டடால் என்ற வலி மாத்திரையோடு சில மனச்சோர்வு மருந்துகள் சேர்ந்தால் வலிப்பு வர வாய்ப்பு கூடும். ஊசியைப் பகிர்ந்திருந்தால் எச்ஐவி, ஹெபடைடிஸ் சி சோதனையும் செய்ய வேண்டும். மருத்துவரிடம் சொல்வது சிகிச்சைக்காக, அவர் கேட்பதும் அதற்காகத்தான்.

ஒரு தடவை மறுபடி குடித்துவிட்டார் என்று சிகிச்சையிலிருந்தே துரத்துவது, அல்லது ஏதோ ஒரு மையத்தில் மாதக்கணக்கில் பூட்டிவைத்து அடித்துத் திருத்தப் பார்ப்பது, இரண்டையும் என்னால் பொறுத்துக்கொள்ள முடிவதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் சங்கிலியில் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகள் 28 பேர் தீயில் இறந்த மாநிலம் இது. 2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் சங்கிலியால் கட்டுவதைத் தடை செய்கிறது. மது, போதைப்பொருளால் வரும் மனநிலைப் பாதிப்பையும் மனநோய் என்றே அது கணக்கில் எடுக்கிறது. ஒரு மையத்தில் சேர்க்கும் முன் அது பதிவு பெற்றதா, மனநல மருத்துவர் உண்மையிலேயே வந்து பார்க்கிறாரா, வீட்டார் போய்ப் பார்க்க விடுகிறார்களா என்று கேளுங்கள். விடமாட்டோம் என்றால் அங்கே சேர்க்காதீர்கள்.

கடைசியாக, போதையில் "செத்துப்போயிடுவேன்" என்பதைக் குடிகாரன் பேச்சு என்று விட்டுவிடாதீர்கள். மனச்சோர்வும் குடியும் சேர்ந்த இடத்தில்தான் அது நடந்துவிடும் ஆபத்து அதிகம், போதையில் யோசிக்க இடமே இருக்காது. அன்றைக்கு அவரைத் தனியே விடாதீர்கள். மாத்திரைகளை மொத்தமாக அவர் கையில் கொடுக்காமல் வேறொருவர் வைத்துக்கொள்ளட்டும், எலி மருந்து, பூச்சி மருந்து எதுவும் வீட்டில் வேண்டாம். தெளிந்த பிறகு அவரிடமே நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. 14416 என்ற டெலி மானஸ் (அரசின் மனநல உதவி) எண்ணுக்கு இரவு பகல் எந்நேரமும் இலவசமாகப் பேசலாம், தமிழிலேயே பேசுவார்கள். ஏற்கனவே ஏதாவது செய்துகொண்டிருந்தால் போனில் பேசிக்கொண்டிருக்காமல் 108ஐக் கூப்பிடுங்கள்.